குறுந்தொகையைச் சொல் பிரித்துப் படிப்பதா, சீர் பிரித்துப் படிப்பதா?

கார்நிலம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு வாரமாக ஒரே ஒரு அடி என்னை விடவில்லை. யாப்புத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்டுவிடுகிறேன்.

குறுந்தொகை 40ஆம் பாட்டை நான் இத்தனை வருடமும் படித்தது இணையத்தில் கிடைக்கும் சொல் பிரித்த வடிவத்தில்தான். நாலாவது அடி அங்கே 'செம் புல பெயல் நீர் போல' என்று இருக்கும். போன வாரம் உ.வே.சா. 1937இல் கொண்டுவந்த பதிப்பின் மறு அச்சு கைக்கு வந்தது. அதில் சீர் பிரித்து அச்சிட்டிருக்கிறார்கள்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

மற்ற அடிகளில் எல்லாம் நாலு சீர். நாலாவது அடியில் மட்டும் மூன்று. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'போல' என்ற இடத்தில் கால் ஒரு படி தேடி, படி இல்லாமல் நிற்கிறது. அந்த நிற்றலுக்குப் பிறகுதான் 'அன்புடை நெஞ்சம்' வருகிறது. என் அம்மா யார், உன் அம்மா யார் என்று மூன்று அடி முழுக்கக் கேள்வி. பிறகு மழைநீர். பிறகு ஒரு சின்ன மௌனம். பிறகு பதில். சொல் பிரித்த வடிவத்தில் எனக்கு இந்த மௌனம் கேட்டதே இல்லை. அங்கே அந்த அடியும் நாலைந்து சொற்களோடு மற்ற அடிகளைப் போலவே நிற்கிறது.

சரி, இது தற்செயலா என்று புரட்டிக்கொண்டே போனேன். 290ஆம் பாட்டில் கை நின்றது:

காமம் தாங்குமதி என்போர் தாமஃது
அறியலர் கொல்லோ அனைமது கையர்கொல்
யாமெங் காதலர்க் காணே மாயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லா குதுமே.

அதே இடம், கடைசிக்கு முந்தின அடி. அதே மூன்று சீர், அதே 'போல'. இரண்டிலும் நீர். ஒன்றில் நீர் மண்ணோடு சேர்கிறது, மற்றதில் பாறையில் மோதிக் கரைகிறது. இரண்டு புலவர்களுக்குமே அந்தக் குறைந்த அடியில் வந்த தொடரே பெயராகிவிட்டது: செம்புலப் பெயனீரார், கல்பொரு சிறுநுரையார். அவர்களுடைய இயற்பெயர் யாருக்கும் நினைவில்லாமல் போய், அந்த அடி மட்டும் நினைவில் நின்றிருக்கிறது.

என் கேள்வி இதுதான். காதல் பாட்டில் இந்தக் குறைந்த அடி ஏதோ வேலை செய்கிறதா, இல்லை நான்தான் இல்லாததைக் கேட்கிறேனா?

புதுவாசகி

நான் இப்போதுதான் சங்கப் பாட்டுப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன் அண்ணா. சொல்லும் சீரும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை? 'யாரா கியரோ' என்று ஏன் ஒரு சொல்லை நடுவில் வெட்ட வேண்டும்? யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கரும்பலகை

முப்பது வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவன் நான். புதுவாசகிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. பாட்டு வாயில் நடக்கும்போது அசையை எண்ணித்தான் நடக்கிறது, சொல்லை எண்ணி இல்லை. ஓர் எழுத்து தனியாக ஒலித்தால் நேர், குறில் முதலாக இரண்டு இணைந்து ஒலித்தால் நிரை. 'யா' நேர். 'கிய' நிரை. இரண்டு அசை சேர்ந்தால் பெரும்பாலும் ஒரு சீர். நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம். இந்த நாலையும் மனத்தில் வைத்துக்கொண்டால் குறுந்தொகையில் முக்கால்வாசி தூரம் போய்விடலாம். 'யாராகியரோ' என்பதை யாரா (தேமா), கியரோ (புளிமா) என்று நடக்க வேண்டியிருக்கிறது. இப்படிச் சொல்லின் குறுக்கே சீர் விழுவதற்கு வகையுளி என்று பெயர்.

இனி கார்நிலம் தம்பிக்கு. நீங்கள் கேட்ட அடிக்கு ஈற்றயலடி என்று பெயர். 'ஈற்றயலடியே ஆசிரிய மருங்கின் தோற்றம் முச்சீர்த்து ஆகும் என்ப' என்று தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இருக்கிறது. 'கடையயற் பாதமுச் சீர்வரின் நேரிசை' என்கிறது யாப்பு இலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகை. அதாவது நேரிசை ஆசிரியப்பா என்றாலே அங்கே மூன்று சீர்தான். காதலுக்கென்று தனியாகச் செய்து வைத்த இடமில்லை அது. புறநானூறு 192 நினைவிருக்கிறதா?

பெரியோரை வியத்தலும் இலமே
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

கணியன் பூங்குன்றனார் அந்த மூன்று சீரில் காதலையா வைத்தார்? விதியைப் புலவரின் உத்தி என்று நினைத்துவிடக் கூடாது. மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்லி வந்தேன்.

கார்நிலம்

நன்றி ஐயா. விதி என்பது சரி. ஆனால் 192ஐ நீங்கள் எடுத்துக்காட்டியதே எனக்குச் சாதகமாகத்தான் படுகிறது. பெரியவர்களை வியப்பதும் இல்லை என்பதைக் குறைந்த அடியில் சொல்லிவிட்டு, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்பதற்கு முழு அடி கொடுக்கிறார். எது அதிக எடை என்று அடியே காட்டுகிறதே.

வீட்டில் திண்ணை எல்லோருக்கும் உண்டு. திண்ணை கட்டியதற்காக யாரையும் பாராட்ட வேண்டாம். அதில் யாரை உட்கார வைத்தார்கள் என்று பார்க்கலாம் இல்லையா? கபிலர் 25ஆம் பாட்டில் யாரை உட்கார வைக்கிறார் பாருங்கள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் சேர்ந்த அன்று சாட்சிக்கு யாருமே இல்லை. ஒரு குருகு மட்டும் இருந்தது. அதுவும் அவர்களைப் பார்க்கவில்லை, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரே சாட்சியும் வேறு பக்கம் திரும்பியிருந்தது என்ற செய்திதான் அந்த மூன்று சீரில் வருகிறது. 'பார்க்கும்' என்ற இடத்தில் அடி நின்றுபோகிறது. எதைப் பார்த்தது என்பதை நாம் அறிந்துகொண்டு பதறுவதற்கு அந்த இடைவெளி போதும்.

அப்புறம் ஔவையாரின் 28:

முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்
ஓரேன் யானுமோர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்லெனக் கூவு வேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பவென்
உயவுநோ யறியாது துஞ்சும் ஊர்க்கே.

ஐயா சொன்ன நாலு வாய்பாட்டை வைத்து இதை அலகிட்டேன், அதாவது சீர் சீராக அசை பிரித்துப் பார்த்தேன். முதல் அடியில் நாலு சீரும் தேமா. முட்டு, வேன்கொல், தாக்கு, வேன்கொல். சுவரில் தலையை மோதுகிற மாதிரி ஒரே அடி, ஒரே கனம். குறைந்த அடிக்கு வந்தால் அலமரல், அசைவளி, அலைப்பவென். மூன்றுமே கருவிளம், மூன்றும் அகரத்தில் தொடங்குகின்றன. காற்று அலைக்கழிக்கிறது என்று சொல்லும் அடியே அலைகிறது. கடைசி அடி 'உயவுநோ' என்று இன்னொரு கருவிளத்தோடு தொடங்கி, 'துஞ்சும் ஊர்க்கே' என்று இரண்டு தேமாவில் போய்ப் படுத்துவிடுகிறது. தூங்குகிற ஊரின் கனம் அது. அவள் நோய் அவர்களுக்குத் தெரியாது.

இதை அலகிட்டு முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே சொல்கிறேன்.

ஆற்றங்கரை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் எனக்குச் சங்கப் பாட்டு வந்தது சந்தி சேர்த்த அச்சில். 'முட்டு வேன்கொ றாக்கு வேன்கொல்' என்று இருந்தது. 'றாக்கு' என்றால் என்ன என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கொல், தாக்கு என்ற இரண்டும் சேர்ந்து அப்படி ஆனது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அலகிட்டு வாய்பாடு எழுதினால் மதிப்பெண். அந்தப் பெண் ஏன் முட்டிக்கொள்கிறாள் என்று வகுப்பில் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. அதோடு இந்த இலக்கியத்தை விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தது எப்படித் தெரியுமா? 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி போட்டு, மலிவு விலையில் கொண்டுவந்த பதிப்புகளின் வழியில் வந்த அச்சு ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் எடுத்தேன். அன்றுதான் 28ஆம் பாட்டு எனக்குப் புரிந்தது. சந்தி சேர்த்துப் படித்தால் 'மேலிட் டாஅ' என்று அவளுடைய அலறல் ஒரு டகரத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. பிரித்துப் படித்தால்தான் அடியின் முதலில் 'ஆஅ' என்று நின்று கேட்கிறது. ஆகவே சொல் பிரித்தால் எல்லாம் போய்விடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். என்னைப் போன்ற ஆயிரம் பேர் உள்ளே வந்த வாசல் அது.

இன்னொன்று. பொருளை விட்டுவிட்டுச் சீரை எண்ணிக்கொண்டிருந்தால் திணை எங்கே போகும், கூற்று எங்கே போகும்? யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பதுதான் அகப்பாட்டின் உயிர். 40ஆம் பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பைப் பாருங்கள். முதல் சந்திப்புக்குப் பிறகு, இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் முகம் மாறுகிறது. அதைக் கண்டு அவன் சொல்வது இது. திருமண அழைப்பிதழில் அச்சிடும்போது இந்தப் பயம் மறைந்துவிடுகிறது. அந்த மூன்று கேள்விகளும் அவள் மனத்தில் ஓடிய பயத்தை அவன் எடுத்துச் சொல்வது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மௌனத்தைக் கேட்டு என்ன பயன்?

கரும்பலகை

ஆற்றங்கரை சொன்னது மனத்தில் தைக்கிறது. வாய்பாட்டுக்கு மதிப்பெண் போட்டவர்களில் நானும் ஒருவன். பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அலகிடச் சொல்லியிருக்க வேண்டும், பாட்டுக்குப் பதிலாக அலகைச் சொல்லிக் கொடுத்தோம்.

ஆனால் வடிவமும் பொருளும் தனித்தனி என்று பழைய இலக்கணக்காரர்கள் நினைக்கவில்லை. செய்யுளின் உறுப்புகள் என்று தொல்காப்பியம் சொல்லும் 34இல் மாத்திரையும் அசையும் சீரும் வருகிற அதே பட்டியலில்தான் திணையும் கைகோளும் கூற்றும் கேட்போரும் மெய்ப்பாடும் வருகின்றன. அதிலேயே நோக்கு என்று ஓர் உறுப்பு. 'மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே.' மாத்திரையிலிருந்து அடி வரைக்கும், கேட்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் கருவி எதுவோ அதுதான் நோக்கு. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் என்பவர் தம் உரையில் இதற்கு அகநானூற்று 4ஆம் பாட்டை, 'முல்லை வைந்நுனை தோன்ற' என்று தொடங்குவதை எடுத்துக்கொண்டு, சொல் சொல்லாக நின்று விளக்குகிறார்.

கார்நிலம் தம்பி, நான் முன்னே சொன்னதைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் செய்வது நோக்குதான்.

மெய்யெழுத்து

சேர்த்துப் படிப்பதா பிரித்துப் படிப்பதா என்ற கேள்வியில் ஒன்றை யாரும் தொடவில்லை. 40ஆம் பாட்டில் சந்தியே பொருளாக இருக்கிறது.

பெயல், நீர். இரண்டும் சேரும்போது என்ன நடக்கிறது? பெயனீர். பெயலின் லகரமும் இல்லை, நீரின் நகரமும் இல்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு னகரம் நிற்கிறது. இதில் மழையின் எழுத்து எது, நீரின் எழுத்து எது என்று பிரித்துக் காட்ட முடியுமா? கலந்தால் பிரிக்க முடியாது என்று சொல்வதற்காக எடுத்த உவமையில், அந்தச் சொற்களே கலந்து பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

அடுத்த அடியில் தாம், கலந்தன. தாங்கலந்தன. 'தாம்' தன் மகரத்தை விட்டுவிட்டுக் ககரத்துக்கு இனமான ஙகரமாக மாறிப்போகிறது. அதோடு சீரைப் பாருங்கள்: 'தாங்கலந்' என்று ஒரே சீருக்குள் இரண்டும் அடைந்துவிட்டன. தாம் என்ற சொல் தனியாக நிற்க அங்கே இடமே இல்லை.

சொல்லும் சொல்லும் சேர்வதற்குத் தமிழ் இலக்கணத்தில் என்ன பெயர்? புணர்ச்சி. குறிஞ்சித் திணைக்கு உரிப்பொருள் என்ன? புணர்தல். இந்தப் பாட்டு குறிஞ்சி. 'பெயல் நீர்' என்று பிரித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அவர்களைப் பிரித்து வைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

290இல் இதற்கு நேர் எதிரானது நடக்கிறது. 'இல்லாகுதுமே' என்ற ஒரே சொல்லைச் சீர் நடுவில் உடைக்கிறது: இல்லா, குதுமே. நாங்கள் இல்லாமல் போவோம் என்று சொல்லும் சொல் வாயிலேயே உடைந்து போகிறது, பாறையில் பட்ட நுரை மாதிரி. அதற்கு முன்னே மெல்ல, மெல்ல, இல்லா என்று மூன்று சீரிலும் அதே ல்ல, ல்ல, ல்லா. கரைகிற சத்தம் அது.

செம்மண்காரி

எனக்கு யாப்புத் தெரியாது. செம்மண் தெரியும். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர், வீட்டு வாசலிலிருந்து வயல் வரை செம்மண்தான்.

இந்தப் பாட்டை யாராவது மேடையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். கலந்தால் பிரிக்க முடியாது என்கிறார்களே, செம்மண் தண்ணீர் தெளியுமே! சின்ன வயதில் ஊருணித் தண்ணீரைத்தான் குடித்தோம். மழைக்குப் பிறகு அது தேநீர் நிறத்தில் இருக்கும். என் அப்பத்தா தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் நாலு சுற்று உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடி வைக்கும். காலையில் பார்த்தால் அடியில் சிவப்பாக மண், மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர்.

மெய்யெழுத்து எழுதியதைப் படித்தபின் மறுபடியும் பாட்டைப் பார்த்தேன். பானையில் மொண்ட தண்ணீரையா பாட்டு சொல்கிறது? பெயல்நீர். பெய்துகொண்டிருக்கிற மழை, விழுந்த இடத்திலேயே. முதல் மழை செம்மண்ணில் விழும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? துளி விழுகிற நொடியில் அதற்கு நிறம் கிடையாது. அடுத்த நொடி அது சிவப்பு. வழியும்போது இதில் தண்ணீர் எது, மண் எது என்று சொல்ல முடியாது. மண்ணும் பழைய மண் இல்லை, குழைந்து மணக்க ஆரம்பித்துவிடும். அந்தப் புலவர் அந்த நொடியைத்தான் பார்த்திருக்கிறார். ராத்திரி முழுக்கப் பானையில் வைத்துப் பார்க்கவில்லை.

ஆற்றங்கரை சொன்ன பயமும் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இப்போது கலந்திருக்கிறோம், நாளைக்குத் தெளிந்துவிடுமோ என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றாமல் இருக்குமா? செம்மண்ணில் வளர்ந்தவளாக இருந்தால் அவளுக்கும் தேற்றாங்கொட்டை தெரிந்திருக்கும்.

கரும்பலகை

செம்மண்காரி அம்மா, உங்கள் அப்பத்தாவின் தேற்றாங்கொட்டை சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அந்த மரத்துக்கு அப்போது இல்லம் என்று பெயர். கலித்தொகையின் நெய்தற்கலியில், 142ஆம் பாட்டில், பிரிவால் நிலைகுலைந்து அழுது தெருவில் நின்ற ஒரு பெண், அவன் வந்து சேர்ந்ததும் தெளிவடைகிறாள். அந்த விதையால் தெளிய வைத்த கலங்கல் நீர்போல் தெளிந்தாள் என்று பாட்டு முடிகிறது.

ஒரே கலங்கல் நீர். குறுந்தொகைக்காரருக்குக் காதல் என்பது கலங்கிச் சேர்வது. கலித்தொகைக்காரருக்கு அது தெளிவது. வடிவமும் அதற்கேற்றபடி இருக்கிறது. குறுந்தொகையில் பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடி, ஒரு குரல், ஒரு நொடி. கலிப்பா துள்ளி ஓடும், பலர் பேசுவார்கள், அழுகை தொடங்கி அடங்கும் வரைக்கும் கூடவே நடக்கும். தெளிவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் கலியில்தான் இருக்கிறது.

இத்தனை வருடம் இரண்டு பாட்டையும் நடத்தியிருக்கிறேன், சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. நன்றி அம்மா.

தளைக்கணக்கு

40ஆம் பாட்டை முழுக்க அலகிட்டுத் தளையும் (ஒரு சீரின் கடைசி அசையும் அடுத்த சீரின் முதல் அசையும் பொருந்தும் விதம்) பார்த்தேன். 19 சீர். ஒன்றுகூட மூவசைச் சீர் இல்லை, எல்லாம் ஈரசை. சீருக்கும் சீருக்கும் இடையே 18 இணைப்பு. அதில் நேரொன்றாசிரியத் தளை (நேரோடு நேர்) 10, நிரையொன்றாசிரியத் தளை (நிரையோடு நிரை) 3, இயற்சீர் வெண்டளை (நேரும் நிரையும் மாறி வருவது) 5.

அந்த நிரையொன்று வருகிற மூன்று இடங்களைப் பாருங்கள். 'எவ்வழி, யறிதும்'. 'செம்புலப், பெயனீர்'. 'தாங்கலந், தனவே'. எப்படி அறிந்தோம் என்ற கேள்வி, மண்ணும் மழையும் தொடும் இடம், கலந்தன என்ற முடிவு. பாட்டின் முதுகெலும்பே இந்த மூன்றும்தானே! நிரையோடு நிரை பொருந்தும் தளை இங்கே மட்டும் வருகிறது. வெண்டளை ஐந்தில் மூன்று இரண்டாம் அடிக்குள்ளேயே இருக்கின்றன, அப்பாக்களைப் பற்றிய அடியில்.

கரும்பலகை

அலகு சரி, கணக்கும் சரி. நானும் எழுதிப் பார்த்தேன். ஆனால் தம்பி, அந்த மூன்று இடத்தை வைத்து மாளிகை கட்ட வேண்டாம். ஆசிரியப்பாவில் வெண்டளை கலப்பது இயல்பு. ஐந்து அடிப் பாட்டில் மூன்று என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. காதுக்குக் கேட்கிறதா என்பதுதான் என் அளவுகோல். இரண்டாம் அடியில் எந்தையும், நுந்தையும், எம்முறைக் என்று மூன்று கூவிளம் அடுத்தடுத்து உருள்வது காதுக்குக் கேட்கிறது. நடை மாறுகிறது, கேள்வி முடுக்கிவிட்டது போல் ஆகிறது. அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மற்ற மூன்றும் எனக்குக் கேட்கவில்லை, தாளில்தான் தெரிகிறது.

ஏழுசீர்

குறள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. காமத்துப்பாலில் 250 குறள். அங்கேயும் குறைந்த அடி உண்டு, ஆனால் அது கடைசியில் வருகிறது. நாலு சீர், பிறகு மூன்று சீர், முடிந்தது.

யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால்
தான்நோக்கி மெல்ல நகும்.

'நகும்' ஒரே நிரை அசை, மலர் என்னும் வாய்பாடு. புன்னகை தோன்றியதும் பாட்டு கதவைச் சாத்திவிடுகிறது. அவள் சிரித்தாள், அதற்கு மேல் உனக்கு எதுவும் கிடையாது என்பது போல. ஆசிரியப்பாவில் குறைந்த அடிக்குப் பிறகு ஒரு முழு அடி வந்து ஏகாரத்தில் நீளும். தனவே, குதுமே, ஞான்றே, ஊர்க்கே. கதவு திறந்தே கிடக்கிறது. எனக்குக் குறள் பிடித்தது அந்தச் சாத்தலால்தான். ஆனால் 290ஐக் குறள் வெண்பாவில் சொல்லவே முடியாது என்று இப்போது தோன்றுகிறது. மெல்ல மெல்லக் கரைவதற்கு அங்கே இடமில்லை.

ஆற்றங்கரை

நேற்று இரவு 28ஐ இரண்டு விதமாகவும் வாய்விட்டுப் படித்தேன். முதலில் பிரித்து, அப்புறம் சேர்த்து. பிரித்தபோது அவள் என்ன சொல்கிறாள் என்று புரிந்தது. சேர்த்தபோது மூச்சு முட்டியது. 'மேலிட் டாஅ' என்று வரும்போது, அடக்கி வைத்த அலறல் அடியின் விளிம்பை உடைத்துக்கொண்டு வருகிறது. டகரத்தில் மாட்டிக்கொள்கிறது என்று முன்னே குறை சொன்னேன், அந்த மாட்டலில்தான் வலி இருக்கிறது போலும்.

ஆனாலும் என் வாசலை மூட விடமாட்டேன். முதல் முறை பிரித்தே கொடுங்கள்.

மெய்யெழுத்து

ஒப்புக்கொள்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு இரண்டு அச்சையும் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும், மேலே சொல் பிரித்தது, கீழே சீர் பிரித்தது. ஒரு பாட்டுக்கு ஐந்தாறு அடி கூடும், அவ்வளவுதான்.

புதுவாசகி

எல்லாவற்றையும் படித்துவிட்டு நானே ஒரு பாட்டை எடுத்துப் பார்த்தேன். அம்மூவனாரின் 49. கடைசி மூன்று அடி:

இம்மை மாறி மறுமை யாயினும்
நீயா கியரென் கணவனை
யானா கியர்நின் நெஞ்சுநேர் பவளே.

அடுத்த பிறவி என்றாலும் நீதான் என் கணவன், நான்தான் உன் நெஞ்சுக்கு ஏற்றவள். நீயா (தேமா), கியரென் (புளிமா), கணவனை (கருவிளம்). யானா (தேமா), கியர்நின் (புளிமா), நெஞ்சுநேர் (தேமாங்காய்), பவளே (புளிமா). சரியா ஐயா?

இரண்டு அடியும் ஒரே மாதிரி தொடங்குகின்றன, தேமா புளிமா, தேமா புளிமா. அவனைப் பற்றிய ஆசைக்கு மூன்று சீர். தன்னைப் பற்றிய ஆசைக்கு நாலு சீர். அவளுக்கு ஒரு சீர் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அது ஏன் என்று தெரியவில்லை, ஆனால் அது என்னை விடவில்லை.

கரும்பலகை

ஒரே திருத்தம். நெஞ்சுநேர் என்பதை நெஞ், சுநேர் என்று பிரிக்க வேண்டும். குறிலுக்குப் பின் நெடில் வந்தால் இணைந்து நிரையாகும். ஆகவே கூவிளம். மற்றவை எல்லாம் சரி. மிகச் சரி.

ஏன் என்று கேட்டீர்கள். ஆற்றங்கரையிடம் விட்டுவிடுகிறேன், கூற்று அவர் பக்கம்.

ஆற்றங்கரை

கூற்றுக் குறிப்பைப் பாருங்கள் புதுவாசகி. பரத்தையிடம் போயிருந்த கணவன் வீடு திரும்பியிருக்கிறான். அவனைக் கண்டதும் அவளுடைய ஆற்றாமை அடங்குகிறது. அதன் பிறகு சொல்வது இது. அவன் கணவனாக இருப்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, அது மூன்று சீரில் முடிந்துவிடும். அவன் நெஞ்சில் இருப்பது தானா என்பதில்தான் சந்தேகம். அந்த நாலாவது சீர் அதற்காக.

சீர் எண்ணி இந்த இடத்துக்கு வருவேன் என்று நான் நினைக்கவில்லை.

புதுவாசகி

நன்றி அண்ணா, நன்றி ஐயா. இன்னொரு சந்தேகம். கபிலரின் 18 எடுத்தேன், வேரல் வேலி. கடைசி இரண்டு அடி:

சிறுகோட்டுப் பெரும்பழந் தூங்கி யாங்கிவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே.

ஈற்றயலடியில் நாலு சீர் வருகிறது. மூன்று முறை எண்ணிவிட்டேன். தவறா?

கரும்பலகை

தவறில்லை. நாலுதான். எல்லா அடியும் நாற்சீராக வந்தால் அது நிலைமண்டில ஆசிரியப்பா. குறைக்காமலும் பாடலாம், கபிலர் இங்கே குறைக்கவில்லை.

கார்நிலம்

சின்னக் கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்குகிற அடி அது. அந்த அடியின் தொடக்கத்திலேயே 'சிறுகோட்டு' என்று மூவசைச் சீர். எங்கேயும் ஓர் இடைவெளி இல்லை, முழுப் பாரம். கொம்பு இப்போது ஒடிந்துவிடும் என்று தோன்றுகிறது, ஆனால் ஒடியவில்லை. 25இல் மூச்சை நிறுத்திய அதே கபிலர் இங்கே மூச்சு விடவே இடம் தரவில்லை.

இன்று இரவு கபிலரின் மற்ற பாட்டுகளை எல்லாம் எடுத்து ஈற்றயலடியை மட்டும் எழுதப் போகிறேன். எழுதியதும் இங்கே போடுகிறேன்.